கிரகணத்தன்று நறுக்கிய வெங்காயம்

நம் பிளஸ் டூ வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரம் ஒரு செய்தி வந்தது. கிரகணம் வருகிறது, கர்ப்பிணிகள் வெளியே வரக் கூடாது, கத்தி, கத்தரிக்கோல், அரிவாள்மனை எதையும் தொடக் கூடாது, தொட்டால் குழந்தை குறையோடு பிறக்கும், உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள். அதன் கீழே உங்களில் பதினேழு பேர் கைகூப்பியிருந்தீர்கள். நான் எண்ணிப் பார்த்தேன்.

அதை அனுப்பியவள் பயாலஜி லேபில் என் பக்கத்து ஸ்டூல்காரி. அவளும் நானும் ஒரே வெங்காயத்தின் வேரைத்தான் நசுக்கினோம். அவளைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. பொய் எதற்கு, திட்டுவதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அது வேறு பக்கம் போய்விட்டது. நீளமாக இருக்கிறது. படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் வழக்கம்போல ஒரு ரோஜாப்பூ படம் போட்டுவிட்டுப் போகலாம்.

லேப் நினைவிருக்கிறதா? சிமெண்ட் ஷீட் கூரை, பத்து மணிக்கே அனல் இறங்கும். பின்பக்கம் எலெக்ட்ரிக் டிரெயின் போனால் ஸ்டாண்டில் இருக்கும் கண்ணாடிக் குழாய்கள் எல்லாம் கிணுகிணுக்கும். உருப்படியான மைக்ராஸ்கோப் ஒன்றுதான், அதற்கு ரேஷன் கடை மாதிரி வரிசை. ஆளுக்கொரு வெங்காயம் கொண்டுவரச் சொன்னார் மிஸ். காலி ஜாம் பாட்டிலின் வாயில் வெங்காயத்தை உட்காரவைத்து, அடி மட்டும் தண்ணீரில் படும்படி ஜன்னல் ஓரம் அடுக்கினோம். நாலைந்து நாளில் வெள்ளை வேர்கள் இறங்கின. காலை முதல் பீரியடிலேயே நுனியை வெட்டி, சிவப்புச் சாயத்தில் போட்டு, ஸ்பிரிட் விளக்கில் லேசாகக் காட்டி, மேலே மெல்லிய கண்ணாடியை வைத்துக் கட்டை விரலால் அழுத்த வேண்டும். அந்தச் சாயத்தின் புளிச்ச வாடை சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதும் விரலில் இருக்கும். உங்களில் பாதிப் பேர் அந்தச் சிவப்பை உதட்டில் தடவிப் பார்த்தீர்கள், அதுவும் எனக்குத் தெரியும்.

எனக்கு மட்டும் வீட்டிலிருந்து ஒரு வெங்காயம் கேட்டு வாங்குவது சுலபமாக இல்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

எனக்கு எட்டு வயதில் ஒரு சூரிய கிரகணம் வந்தது. உங்களுக்கும் தெரியும், அன்று மத்தியானம் தாம்பரமே ஊரடங்கு போட்ட மாதிரி கிடந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லை. மேற்குத் தாம்பரத்தில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வாடகை வீடு. அம்மாவுக்கு அப்போது ஆறாவது மாதம். ரயில்வே ஷெட்டில் ஃபிட்டராக இருந்த அப்பா டூட்டிக்குப் போய்விட்டார். அம்மாவுக்குக் காவலாகக் குரோம்பேட்டையிலிருந்து அத்தை வந்திருந்தாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. காலையிலிருந்தே அடுப்பு பற்றவைக்க விடவில்லை. கிரகணம் விட்டு, எல்லோரும் தலைக்குக் குளித்த பிறகுதான் சமையல் என்று சொல்லிவிட்டாள்.

என்னைவிட ஆறு வயது பெரியவளான அக்கா பசியைப் பொறுத்துக்கொண்டாள். நான் பொறுக்கவில்லை. கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அத்தை கண்ணை மூடி ஜபித்துக்கொண்டிருந்தபோது, சமையல்கட்டில் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து அழுதேன். சத்தம் வராமல் அழுதேன், அது நன்றாக நினைவிருக்கிறது. அம்மா என் வாயைப் பொத்தினாள். பிறகு அரிவாள்மனையை இழுத்துப் போட்டு ஒரு வெங்காயத்தை நறுக்கினாள். உப்புமா கிளறி, தட்டில் போட்டு, பின்பக்கக் குளியலறைக்குள் என்னை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். வெங்காயம் வதங்கும் வாசனை அத்தையின் ஜபத்தைக் கலைத்துவிட்டது.

"அடிப்பாவி, வவுத்துல புள்ளைய வச்சினு இன்னா காரியம் பண்ணி வச்சிருக்க!" என்று அத்தை கத்தியது குளியலறைக்குள் கேட்டது. அம்மாவின் பதிலும் கேட்டது. "எனக்குத்தான் அண்ணி. நாக்கு கேட்டுச்சு."

அவ்வளவுதான். வைகாசியில் தம்பி பிறந்தான். கண் சற்று மேல்நோக்கி, நாக்கு லேசாக வெளியே துருத்தி, கழுத்து நிற்கவே ஒரு வருடம் ஆனது. யார் வந்து பார்த்தாலும் அத்தை முதலில் கிரகணத்தைச் சொல்வாள், அப்புறம் வெங்காயத்தைச் சொல்வாள், கடைசியில் அம்மாவின் நாக்கைச் சொல்வாள். அந்த அரிவாள்மனையைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டாள். தேங்காய்த் துருவியோடு சேர்ந்த கனமான அரிவாள்மனை, அம்மா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அம்மா ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசவில்லை. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அம்மா வெங்காயம் நறுக்கவும் இல்லை. அக்காதான் சின்னக் கத்தியால் நறுக்குவாள். நறுக்கும் நேரம் வந்தால் அம்மா எனக்கு ஏதாவது வேலை வைத்துக் கடைக்குத் துரத்திவிடுவாள். கடுகு, தீப்பெட்டி, ஒன்றும் இல்லையென்றால் மணி என்ன என்று கேட்டுவா. என் முகத்தைப் பார்க்கவே அம்மாவுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் போவேன்.

ஏனென்றால் எனக்குத் தெரியும். அம்மாவின் நாக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது என் வயிறு. தம்பி அப்படிப் பிறந்ததற்குக் காரணம் நான். எட்டு வயதிலிருந்து பதினாறு வயது வரை இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் எல்லாம் பாண்டி ஆடியபோது நானும் ஆடினேன், சிரித்தபோது சிரித்தேன், ஆனால் ராத்திரியில் தம்பியின் பக்கத்தில் படுக்கும்போது அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் தூங்குவேன்.

அவன் என்னவோ என்னை மன்னிக்க வேண்டியவன் மாதிரி ஒருநாளும் நடந்துகொண்டதில்லை. அப்பாவோடு ஸ்டேஷனுக்குப் போய்ப் போய், தாம்பரத்திலிருந்து பீச் வரைக்கும் எல்லா ஸ்டேஷனையும் வரிசையாக ஒப்பிப்பான். "தாம்பம், சானடோயம், சானடோயம், கோம்பேட்டே..." சானடோரியம் மட்டும் எப்போதும் இரண்டு தடவை வரும். திருத்தினால் கோபம் வந்து முதலிலிருந்து ஆரம்பிப்பான். எட்டு வயதில் சட்டைப் பித்தானைத் தானே போடப் பழகி, முடித்ததும் தெருவுக்கே காட்டிவிட்டு வந்தான்.

பிளஸ் டூ ஆரம்பித்த அந்த ஆடியில் அத்தை ஒரு வரனோடு வந்தாள். அக்காவுக்கு. மாப்பிள்ளை வீடு காட்டாங்குளத்தூர் பக்கம், சொந்த வீடு, நல்ல வேலை. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இப்டி ஒண்ணு வூட்ல கீதுன்னு தெரிஞ்சா எவன்டா பொண்ணெடுப்பான்? செங்கல்பட்டு தாண்டி ஒரு ஹோம் கீது. நல்லா பாத்துப்பாங்க. அன்னிக்குக் காலைல கார் வரும், அனுப்பிச்சுடு."

அப்பா தரையைப் பார்த்தபடி, "கல்யாணம் முடியறவரைக்கும்தானேக்கா?" என்றார்.

"பெரியவ கல்யாணம் முடிஞ்சா சின்னவ நிக்கலையா? அதுவும் ஆவட்டும். அப்பால பாத்துக்கலாம்."

அப்பா தலையாட்டினார். அப்பால என்றால் எப்போதும் இல்லை என்று அர்த்தம், அது எனக்கே புரிந்தது. அம்மா எழுந்துபோய்த் தம்பியின் சட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள். பித்தான் அறுந்த சட்டைகளுக்குப் பித்தான் தைத்தாள். நான் அழுது அவனை இப்படிப் பிறக்கவைத்தது போதாதென்று, இப்போது என் கல்யாணத்துக்காகவும் அவன் வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

இந்த நேரத்தில்தான் வெங்காயம் கேட்டார் மிஸ். நான் வீட்டில் கேட்டபோது அம்மா ஒரு நொடி என்னையே பார்த்தாள். பிறகு கூடையில் தேடி, இருப்பதிலேயே சின்னதாக ஒன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

விலங்கியல் புத்தகத்தில் ஒரு பாடத்தின் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு பத்தி இருந்தது. மிஸ் அதைத் தாண்டிப் போய்விட்டார், பரீட்சைக்கு வராதாம். செல் பிரியும்போது ஒரு ஜோடி குரோமோசோம் பிரியாமல் போனால் இன்ன மாதிரிக் குழந்தை பிறக்கும் என்று போட்டு, கண், நாக்கு, கழுத்து என்று அடையாளம் எழுதியிருந்தது. என் தம்பியை யாரோ ஒளிந்திருந்து பார்த்து எழுதிய மாதிரி இருந்தது. அதற்கு அப்போது புத்தகத்தில் போட்டிருந்த பெயரே ஒரு வசவு. அதை இங்கே எழுத மாட்டேன். இப்போது டவுன் சிண்ட்ரோம் என்கிறார்கள்.

நான் அந்தப் பத்தியைப் பிடித்துக்கொண்டேன். ஜோடி பிரியாமல் போகும் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வெறி வந்துவிட்டது. வெங்காய வேரை நசுக்கி நசுக்கி, உங்கள் எல்லோருடைய முறையையும் பிடுங்கிக்கொண்டு அந்த மைக்ராஸ்கோப்பில் கிடந்தேன். நீங்கள் என்னைத் திட்டியதும் நினைவிருக்கிறது. ஒவ்வொரு செல்லிலும் சிவப்பு நூல்கள் நடுவில் வரிசைகட்டி நின்றன, இரண்டாகப் பிரிந்தன, இரு பக்கமும் போயின. ஒன்றுகூட வழி தவறவில்லை. பொறுமை இழந்து ரெக்கார்டு நோட்டில், முடிவு என்ற இடத்தில், இந்தப் பிரிவில் ஒரு ஜோடி பிரியாவிட்டால் குழந்தை குறையோடு பிறக்கும் என்று எழுதிவிட்டேன்.

மிஸ் அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பு மையால் ஒரே இழுப்பு இழுத்தார். "ஏம்மா, இது வெங்காய வேரு. இதுல எங்கேர்ந்து குழந்தை வந்துச்சு? வேர் வளர்றது மைட்டாசிஸ். குழந்தைக்கு வழி பண்றது மியாசிஸ், அதை நீ பூவுல போய்த் தேடணும். ரெண்டையும் குழப்புனா பப்ளிக் எக்ஸாம்ல முட்டைதான்."

நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். அதற்காக உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, உண்மையில் கடன்பட்டிருக்கிறேன். அந்த அவமானத்தில்தான் வீட்டுக்குப் போகும் வழியில், கேட் மூடியிருந்தபோது, ஒரு கூட்ஸ் வண்டி முழுசாகப் போய் முடிகிற நேரத்தில், எனக்கு எல்லாம் விளங்கிற்று.

மறந்துபோனவர்களுக்காகச் சொல்கிறேன். மைட்டாசிஸ் என்பது நகலெடுப்பது. ஒரு செல் தன் குரோமோசோம்கள் அத்தனையையும் இரட்டிப்பாக்கி, பிறக்கும் இரண்டு செல்லுக்கும் ஒரே மாதிரி முழு செட்டைக் கொடுக்கும். வேர் நீள்வது, முட்டியில் சிராய்ப்பு ஆறுவது, வயிற்றில் பிள்ளை வளர்வது எல்லாம் அதுதான். மியாசிஸ் கருமுட்டைக்கும் விந்தணுவுக்கும் மட்டும். அது நாற்பத்தாறை இருபத்துமூன்றாகப் பாதியாக்கும். பாதியாக்காவிட்டால் அம்மாவுடையதும் அப்பாவுடையதும் சேர்ந்து தலைமுறைக்குத் தலைமுறை இரண்டு மடங்காகிக்கொண்டே போகும். அதற்காக ஒவ்வொரு ஜோடியும் பிரிந்து, ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமும் போக வேண்டும். எது எந்தப் பக்கம் என்பது ஒவ்வொரு தடவையும் மாறும். அக்காவுக்கு அப்பாவின் மூக்கும் எனக்கு அம்மாவின் சுருட்டை முடியும் வந்தது அப்படித்தான்.

ஒரு ஜோடி பிரியாமல் ஒரே பக்கம் போய்விட்டால், அதிலிருந்து உருவாகும் பிள்ளைக்கு முதல் செல்லிலேயே ஒன்று கூடுதல். அதன்பிறகு மைட்டாசிஸ் தன் வேலையை ஒழுங்காகச் செய்து, அந்தக் கூடுதலையும் சேர்த்து நகலெடுத்துக் கண்ணுக்கும் காலுக்கும் நாக்குக்கும் கொடுத்துவிடும். இதில் மாதக் கணக்கைப் போடுங்கள். கிரகணம் வந்தது ஆறாவது மாதத்தில். தம்பியின் கணக்கு முடிந்தது அவன் வயிற்றில் உண்டாவதற்கும் முன்னால். பெண்ணின் கருமுட்டைகள் பிரிய ஆரம்பிப்பதே அவள் தன் தாய் வயிற்றில் இருக்கும்போதுதான் என்றும், பாதியில் நின்று வருடக்கணக்காகக் காத்திருக்கும் என்றும் அதே பாடத்தில் இருந்தது. அந்த மத்தியானம் அம்மா ஒரு மூட்டை வெங்காயத்தை நறுக்கியிருந்தாலும், நான் தெருவே கூடும்படி அழுதிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. கூட்ஸ் வண்டி போய், கேட் திறந்து, பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்து, "ஏ பாப்பா, நகரும்மா!" என்று கத்தும்வரை நான் அங்கேயே நின்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்காவுக்குப் பட்டுப்புடவை எடுக்க அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அடியில், எங்கள் ஜாதகங்களோடு ஒரு பழுப்புக் கவர். தம்பிக்கு ஒரு வயதில் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்களாம், அதன் ரிப்போர்ட். யார் கண்ணிலும் படக் கூடாது என்று அத்தை சொல்லி, அடியில் போட்டது. அம்மா புடவையை உதறிக்கொண்டிருந்தபோது நான் கவருக்குள் பார்த்தேன். ஒரு அட்டையில் கறுப்புத் துண்டுகளைக் கத்தரித்து, ஜோடி ஜோடியாக ஒட்டி, கீழே நம்பர் போட்டிருந்தது. வெங்காய வேரில் வாரக்கணக்காக நான் பார்த்த அதே உருவங்கள். ரத்தத்தின் செல்லை மைட்டாசிஸின் நடுவில் நிறுத்திப் படம் பிடித்திருக்கிறார்கள். இருபத்தொன்றாம் நம்பருக்கு மேலே இரண்டு இல்லை, மூன்று. சுற்றிலும் சிவப்புப் பென்சிலில் ஒரு வட்டம்.

"அம்மா, இது என்னன்னு தெரியுமா?" என்றேன்.

"உன் வாய வச்சிட்டு நாளைக்கு ஒருநாள் சும்மா இரு" என்று அம்மா கவரைப் பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் அட்டையை எடுத்து என் ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை, கார் வருவதற்கு முன், தம்பியைக் கூட்டிக்கொண்டு வெளியேறிவிட்டேன். டிக்கெட் எடுத்து எலெக்ட்ரிக் டிரெயினில் ஏறி, பீச் வரை போனோம், திரும்பினோம், மறுபடி போனோம். ஜன்னலோரம் அவன் ஒவ்வொரு ஸ்டேஷனையும் அது வருவதற்கு முன்பே கூப்பிட்டு வரவழைத்தான். அக்காவின் வாழ்க்கையைக் கெடுக்கிறேனோ என்று எனக்குத் தோன்றியது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மூன்று மணிக்கு அவன் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன்.

வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்பு. உள்ளே மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா நமஸ்காரம் செய்துவிட்டு அப்போதுதான் நிமிர்ந்தாள். தம்பி நேராகப் போய், மாப்பிள்ளையின் அம்மாவின் தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டான்.

"யாரு இந்தப் பையன்?"

"பக்கத்து வூட்டுப் பையன்" என்றாள் அத்தை.

"எங்க தம்பி" என்றேன் நான்.

அந்த அம்மா தட்டைக் கீழே வைத்தார். குரலில் கெடுதல் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். "பொறந்ததுலேர்ந்தே இப்படியா? உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?"

அத்தை முந்திக்கொண்டாள். "குடும்பத்துல ஒண்ணும் இல்லம்மா. இவ கெரகணத்துல வெங்காயம் அரிஞ்சா. நாக்கு அடங்கல. அதுக்குப் பொண்ணு இன்னா பண்ணும்?"

நான் அட்டையை எடுத்துத் தரையில் வைத்தேன். யாருக்கும் அது ஒன்றும் விளங்கவில்லை. சட்டென்று வாசலுக்குப் போய், அவர்களுடைய செருப்புகளை வாரிக்கொண்டு வந்து, நடுக்கூடத்தில் ஜோடி ஜோடியாக வைத்தேன். "ஒவ்வொரு ஜோடியும் பிரியணும். ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம்" என்று இழுத்து வைத்துக் காட்டினேன். "இந்த ஒரு ஜோடி மட்டும் பிரியாம ஒரே பக்கம் வந்துடுச்சு. அப்பாகிட்டேர்ந்து வர்றது ஒண்ணு சேர்ந்தா மூணு. அவ்ளோதான். இது கருமுட்டையில நடந்தது. தம்பி வயித்துல வர்றதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சது. கிரகணம் வந்தப்போ அம்மாவுக்கு ஆறாவது மாசம்."

பதினாறு வயதுப் பெண் ஆம்பிளைகள் நடுவில் கருமுட்டை என்று சொன்னதும் அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளையின் சித்தப்பா, "எங்க செருப்ப வச்சே எங்களுக்குப் பாடம் நடத்துது பாரு" என்றார்.

"அப்புறம் இன்னொண்ணு" என்றேன். அத்தையின் பக்கம் திரும்பினேன். "அம்மா தனக்காக நறுக்கல. எனக்குப் பசிச்சுது. நான்தான் அழுதேன். நாக்கு, நாக்குன்னு எட்டு வருஷமா சொல்றீங்களே அத்தை, அது என் வயிறு."

அவர்கள் எழுந்தார்கள். செருப்புகளை நான் கலைத்துப் போட்டிருந்ததால், நடுக்கூடத்தில் குனிந்து ஆளாளுக்குத் தன் ஜோடியைத் தேடிப் போட்டுக்கொண்டு போக வேண்டியிருந்தது. தம்பி உதவி செய்தான். சித்தப்பாவுக்கு இரண்டும் இடது காலாகக் கொடுத்தான்.

அன்று நான் செய்தது முழுக்கச் சரி என்று சாதிக்க மாட்டேன். குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடிய ஒரு வகையும் உண்டு, அபூர்வம், அது அப்போது எனக்குத் தெரியாது. எங்கள் அட்டையில் இருந்தது அந்த வகை இல்லை என்று பின்னால் ஒரு டாக்டர் பார்த்துச் சொன்னார். அதிர்ஷ்டவசமாகச் சரியாகப் படித்திருக்கிறேன். அக்கா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. மூன்றாவது மாதம் பேசியபோது முதல் வார்த்தையே, "போனாப் போறாங்க, அந்தச் செருப்பை ஏண்டி கையால தொட்ட?" என்பதுதான். அப்புறம் இருவரும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப் படுத்துவிட்டோம். அவளுக்கு வேறு நல்ல இடம் அமைந்தது, தம்பி பந்தியில் தண்ணீர் ஊற்றினான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பிக்காகத் தியாகம் செய்தேன் என்று யாரும் உருக வேண்டாம், எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அத்தையைப் பற்றியும் ஒன்று. அவளுக்கு மூன்று பிள்ளைகள் வயிற்றிலேயே தங்காமல் போயினவாம். ஒவ்வொரு தடவையும் அவள் என்ன தப்பு செய்தாள் என்று ஊர் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறது. அந்தப் பட்டியலைத்தான் அம்மாவிடம் ஒப்பித்திருக்கிறாள். இது அவள் செத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பாவமாக இருந்தது. அதற்காக மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன்.

பெண் பார்க்க வந்த அன்று சாயங்காலம் அப்பா அந்த அட்டையை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "டாக்டர் அன்னிக்கு எல்லாத்தையும் இங்கிலீஷ்ல சொன்னாரும்மா. எனக்கு ஒண்ணும் புரியல. புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு வந்துட்டேன்" என்றார். புரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வெட்கப்பட்ட மனுஷனால் ஏழு வருடம் போயிற்று. தம்பியின் துணிப்பையை அவரே பிரித்து, சட்டைகளைக் கொடியில் திரும்பப் போட்டார்.

அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு அரிவாள்மனை இரவல் வாங்கிவந்தாள். சமையல்கட்டில் அதைப் போட்டு உட்கார்ந்து, கூடையை இழுத்து வைத்துக்கொண்டாள். நான் பழக்கதோஷத்தில், "கடைக்கு என்ன வாங்கணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம். இங்க வந்து உக்காரு."

உட்கார்ந்தேன். அம்மா வெங்காயத்தை இரண்டாகப் பிளந்து மளமளவென்று நறுக்கினாள். எட்டு வருட இடைவெளி அந்தக் கையில் தெரியவில்லை.

"அன்னிக்கு நீ அழுதது உனக்கு ஞாபகம் இருக்குமோன்னு பயந்துட்டே இருந்தேன்டி" என்றாள் தலையை நிமிர்த்தாமல். "வெங்காயத்தப் பார்த்தா ஞாபகம் வந்துடுமோன்னுதான் உன்னக் கடைக்குத் துரத்திட்டு இருந்தேன். உனக்குத் தெரியும்னு தெரிஞ்சிருந்தா எப்பவோ சொல்லியிருப்பேனே, உன்னால இல்லடின்னு."

"உனக்கு எப்படிம்மா தெரியும்? நீ இதெல்லாம் படிக்கலையே."

"பசிச்ச புள்ளைக்குச் சோறு போட்டா எதுக்குடி குத்தமாவும்? இதுக்குப் படிக்கணுமா?" என்றாள். "என்னத்தான சொல்றாங்க, சொல்லிக்கட்டும்னு விட்டுட்டேன். அண்ணி உன்னச் சொல்லிடக் கூடாதுல்ல."

மியாசிஸ் வேண்டியிருந்தது எனக்குத்தான். அம்மாவுக்கு அது தேவைப்படவே இல்லை. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆத்திரம் அடங்காதது இதில்தான். ஒரு பொம்பளை குற்றமற்றவள் என்று காட்ட மைக்ராஸ்கோப்பும் ரத்தப் பரிசோதனையும் செருப்பு ஜோடிகளும் வேண்டியிருந்தன. குற்றம் சாட்ட ஒரு வெங்காயம் போதுமாயிருந்தது.

அந்த அட்டை இப்போது இல்லை. ஒரு டிசம்பர் வெள்ளத்தில் டிரங்குப் பெட்டியோடு ஊறிப்போனது. ரயில்வேயில் டிக்கெட் கவுண்டரில் முப்பது வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றுவிட்டேன். அம்மாவும் அப்பாவும் இல்லை. தம்பி என்னோடு இருக்கிறான், முன்மண்டை வழுக்கை, சர்க்கரை கொஞ்சம், மற்றபடி ராஜா.

நேற்றுதான் அந்தக் கிரகணம். அக்காவின் மகளுக்கு இது ஆறாவது மாதம். பெரும்பாக்கத்தில் ஃபிளாட், ஆபீஸ் வேலை எல்லாம் வீட்டிலிருந்தே. சாயங்காலம், கிரகணம் விடுவதற்குள், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள்.

"அங்க எங்க மாமியார் ஜன்னலுக்கெல்லாம் போர்வை போட்டு வச்சிருக்காங்க சித்தி. காலைல சாப்பிட்டது. பசிக்குது."

நான் எழுந்து ரவையை வறுக்க ஆரம்பித்தேன். தம்பி வெங்காயத்தை உரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் முன்னால் வைத்தான். அரிவாள்மனையை அவளிடம் தள்ளினேன். ஒரு நொடி என்னைப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்து நறுக்கினாள். சுமாராகத்தான் நறுக்கினாள், ஒரு துண்டு பெரிசு, ஒரு துண்டு சின்னது. ஸ்டூல்காரியே, வேண்டுமானால் போட்டோ அனுப்புகிறேன், பத்துப் பேருக்கு அனுப்பு.

உப்புமா வேகும்வரை, அக்கா மகளின் வயிற்றுக்குப் பக்கத்தில் குனிந்து, உள்ளே இருப்பதற்குத் தம்பி ஸ்டேஷன்களைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். சானடோரியம் இரண்டு தடவை வந்தது. நாங்கள் யாரும் திருத்தவில்லை.